ஓராங் அஸ்லி கம்பத்துக்கு அரிசி மூட்டையோடு கிளம்பும் முன்

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் இளைஞர் குழுவை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தீபாவளியை ஒட்டி கோம்பாக் பக்கம் உள்ள ஓராங் அஸ்லி, அதாவது தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களின் கம்பம் (கிராமம்) ஒன்றுக்கு உதவிப் பொருள் கொண்டு போகலாம் என்று பேச்செடுத்ததும் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதாம். "அவங்க காட்டுல நிம்மதியா இருக்காங்க, நாம போய் ஏன் கெடுக்கணும்" என்கிறது ஒரு கட்சி. "வீடு, பள்ளி, மருந்து எல்லாம் அரசாங்கம் சும்மா கொடுக்குது, அப்பவும் முன்னேற மாட்டேங்கிறாங்க" என்கிறது இன்னொரு கட்சி. உலகம் முழுக்க பூர்வகுடி மக்களின் நலன் எப்படி இருக்கிறது, எது அவர்களை நன்றாக வாழ வைக்கிறது என்பதுதான் தம்பியின் கேள்வி.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உள்ளூர் கிளினிக்குகளில் பல வருடம் இந்த மக்களோடு பழகியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இரண்டு கட்சியும் ஒரே இடத்தில்தான் தப்பு செய்கின்றன. அந்த மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை வெளியில் இருக்கிற நாமே முடிவு செய்துவிடலாம் என்று இரண்டும் நம்புகின்றன. உலகத்தில் எங்கெங்கே பூர்வகுடிகள் ஓரளவு நன்றாக இருக்கிறார்கள், எங்கே நொந்து கிடக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வந்து நிற்கும்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 90 நாடுகளில் 47 கோடியே 60 லட்சம் பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். உலக மக்கள்தொகையில் அது 6 விழுக்காடுதான், ஆனால் கடும் வறுமையில் வாடுகிறவர்களில் கிட்டத்தட்ட 19 விழுக்காடு இவர்கள். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது; 23 நாடுகளில் 28 பூர்வகுடிச் சமூகங்களின் ஆயுட்காலம், குழந்தை இறப்பு, பிறப்பு எடை, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் அந்தந்த நாட்டு மற்ற மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான அளவுகளில், பெரும்பாலான இடங்களில், பூர்வகுடிகள் பின்தங்கித்தான் இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து மாதிரி பணத்துக்குப் பஞ்சமில்லாத நாடுகளிலும் அந்த இடைவெளி இருக்கிறது. நாடு பணக்கார நாடானால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் அங்கெல்லாம் எப்போதோ சரியாகியிருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். தீபகற்பத்தில் ஓராங் அஸ்லி சுமார் 2 லட்சம் பேர். அவர்களை ஒரே கூட்டமாக நினைக்காதீர்கள். அரசாங்கக் கணக்கிலேயே 18 இனக்குழுக்கள். கிளந்தான் காட்டில் இருக்கும் பாத்தேக் வேறு, பேராக் மலையில் இருக்கும் செமாய் வேறு, ஜொகூர் கடலோரத்து ஓராங் செலேத்தார் வேறு, மொழியும் வேறு. கோலாலம்பூர்க்காரர்களுக்கு அவர்கள் தூரத்து ஆள்களும் இல்லை. டாமன்சாரா பெர்டானாவில் நாம் கார் நிறுத்த இடம் தேடுகிறோமே, அந்த புக்கிட் லஞ்சான், தெமுவான் என்ற ஓராங் அஸ்லி இன மக்கள் வாழ்ந்த இடம். வீட்டுமனைத் திட்டம் வந்தபோது அவர்களுக்குப் பக்கத்திலேயே கல்வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கேரித் தீவில் மா மேரி மக்களின் கம்பங்களைச் சுற்றி நாலு பக்கமும் செம்பனை, அந்தச் செம்பனைத் தோட்டங்களில் நம் ஆள்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். மூதாதையர்களுக்கான ஹரி மோயாங் விழாவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஓலையை மடித்து மடித்துப் பூவும் பறவையுமாக அங்கே தொங்க விட்டிருப்பதைப் பார்த்தால் நம் ஊர்த் திருவிழாத் தோரணம்தான் ஞாபகம் வரும்.

சரி, இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் கொடுத்ததைப் பேசுகிறவர்கள் எடுத்ததைப் பேசுவதில்லை.

1954-இல் வந்த பூர்வகுடி மக்கள் சட்டம், சட்டம் 134, இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு இவர்கள் உதவி செய்துவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்த சட்டம் அது. அந்தச் சமயத்தில் இவர்களைக் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்ததில் நூற்றுக்கணக்கானோர் நோயிலும் மனம் உடைந்தும் செத்துப்போனார்கள். அந்தச் சட்டப்படி மாநில அரசு ஓர் இடத்தை ஓராங் அஸ்லி ஒதுக்கீடு என்று அறிவிக்கலாம், அந்த அறிவிப்பை அதுவே ரத்தும் செய்யலாம். நிலத்தை எடுத்தால் மரத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு உண்டு. நிலத்துக்கு? அதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. நிலம் மாநிலத்தின் கையில், ஓராங் அஸ்லி நலன் மத்திய அரசின் கையில், அதனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டலாம்.

இதற்கு எதிராக நின்றவர்களில் ஒருவர் சாகோங் தாசி. டெங்கில் பக்கம் கம்போங் புக்கிட் தம்போய் என்ற தெமுவான் கம்பம். 1995-இல் புதிய விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக அங்கே சுமார் 38 ஏக்கரை எடுத்தார்கள். வீட்டுக்கும் மரம் மட்டைக்கும் ஏதோ ஒரு தொகை கொடுத்து, குறுகிய கெடு வைத்து வெளியேற்றினார்கள். நிலத்துக்கு ஒரு காசு இல்லை. அந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் நிலம் அவர்களுடைய மரபுரிமை என்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு அதை உறுதி செய்தது. இந்த மக்களைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு, அந்தப் பொறுப்பை அது மீறிவிட்டது என்று சொன்னது. அதற்கு மேலும் இழுத்து, கடைசியில் 2010-இல்தான் 65 லட்சம் ரிங்கிட்டுக்கு ஒப்பந்தம் ஆனது. பதினைந்து வருடம் தம்பி. அந்தச் சாலையில் நாம் எத்தனை தடவை ஊருக்குப் போக விமானம் பிடிக்க ஓடியிருப்போம்.

இதற்கு முன்பே 1997-இல் லிங்கியு அணைக்காக ஜக்குன் மக்களின் காடு பறிக்கப்பட்ட வழக்கில் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 2019 ஜனவரியில், குவா மூசாங் பக்கம் தெமியார் மக்களின் காட்டை அழித்து மூசாங் கிங் டுரியான் போடுவதை எதிர்த்து மத்திய அரசே கிளந்தான் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டது. தெமியார்கள் சாலையில் மூங்கிலை நட்டுத் தடுப்புப் போட்டு உட்கார்ந்ததால்தான் அந்த அளவுக்குப் போனது. சும்மா கிடைத்தது எதுவும் இல்லை.

நிலம் போனால் உடம்பு எப்படிக் கெடும் என்று கேட்பீர்கள். நான் கிளினிக்கில் பார்த்தது இது. காடு பக்கத்தில் இருந்தவரை ஆற்று மீன், கிழங்கு, கீரை, வேட்டை என்று சாப்பாடு பல வகையில் வந்தது. காடு தள்ளிப் போனதும் கைக்காசுதான் சாப்பாடு, கைக்காசுக்குக் கிடைப்பது அரிசி, சீனி, மேகி மீ, டின்பால். ஒரே வீட்டில் குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கும், அம்மாவுக்கு இனிப்புநீர், பாட்டிக்கு ரத்த அழுத்தம். பழைய பெந்தோங் சாலை ஓரத்தில் பெத்தாய் என்ற காட்டு அவரைக் கட்டும் தேன் பாட்டிலும் வைத்து விற்கும் அம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெத்தாய் பறிக்க முன்பு வீட்டுக்குப் பின்னால் போனாராம், இப்போது அவர் கணவர் விடியும் முன் மோட்டாரில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புகிறார். விற்ற காசில் பாதி பெட்ரோலுக்கு. இப்படிப்பட்ட மனிதரைச் சோம்பேறி என்று யார் சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

2019-இல் கோல கோ என்ற இடத்தில் பாத்தேக் மக்கள் பத்துப் பேருக்கு மேல் அடுத்தடுத்து இறந்தபோது நாடே பதறியது. மர்ம நோய் என்றார்கள், சுரங்கத் தண்ணீர் என்றார்கள். கடைசியில் சுகாதார அமைச்சு உறுதி செய்தது தட்டம்மை. தடுப்பூசி போட்டிருந்தால் யாரையும் பெரிதாக ஒன்றும் செய்யாத நோய். சத்துக் குறைவான உடம்பு, முழுமையாகப் போய்ச் சேராத தடுப்பூசி, சுற்றிலும் செம்பனை, இவை சேர்ந்ததில் வந்த சாவு அது. பிரேசிலில் யானோமாமி மக்களுக்கு நடந்ததும் இதே மாதிரிதான். அவர்கள் காடு 1992-லேயே காகிதத்தில் பாதுகாக்கப்பட்டுவிட்டது, ஆனால் சட்டவிரோதத் தங்க வேட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்து ஆற்றைப் பாதரசமாக்கி, மலேரியாவைப் பரப்பி, 2023 ஜனவரியில் அந்த நாட்டு அரசாங்கம் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. காகிதம் மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

கிளினிக்கில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு வண்டி மாறி வந்த தாயை, எல்லார் முன்னாலும் "ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தே, படிக்காத ஜனமே இப்படித்தான்" என்று ஒருவர் ஏசினார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து மருந்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தவணைக்கு வரவில்லை. பதிவேட்டில் "வரத் தவறியவர்" என்று எழுதினார்கள். இந்த மக்கள் பலர், செமாய் தெமியார் குறிப்பாக, சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதை அசிங்கமாக நினைக்கிறவர்கள்; ஏசினால் திருப்பி ஏச மாட்டார்கள், விலகிப் போய்விடுவார்கள்.

பள்ளியிலும் அதே விலகல்தான். 2015 ஆகஸ்டில் குவா மூசாங் உட்பகுதியில் ஒரு பள்ளி விடுதியிலிருந்து ஏழு தெமியார் பிள்ளைகள் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஆற்றில் குளித்ததுதான் அவர்கள் செய்த குற்றம். ஏழு வாரம் கழித்து இரண்டு சிறுமிகள் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பெற்றோர் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப மறுத்தால் அவருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? கனடாவில் சுமார் ஒன்றரை லட்சம் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டு, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். அந்தப் பள்ளிகள் 1990களில்தான் முழுதாக மூடப்பட்டன. 2015-இல் அங்கே உண்மை கண்டறியும் ஆணையம் 94 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வரை அந்தக் காயம் இறங்கியிருக்கிறது.

கனடா என்றதும் நான் எல்லாரிடமும் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லாலோண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துப் பூர்வகுடி இளைஞர்கள் மத்தியில் தற்கொலை மிக அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். இவர்கள் அந்த மொத்தக் கணக்கோடு நிற்காமல், ஏறக்குறைய 200 சமூகங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில், அவர்கள் ஆராய்ந்த ஐந்து வருடத்தில் ஓர் இளைஞர்கூட உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. சாவுகள் பெரும்பாலும் ஒரு சில சமூகங்களில் குவிந்திருந்தன. என்ன வித்தியாசம் என்று பார்த்தால், நிலத்துக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறார்களா, ஓரளவு சுயாட்சி இருக்கிறதா, பள்ளி யார் கையில், சுகாதாரம் யார் கையில், காவலும் தீயணைப்பும் யார் கையில், தங்கள் பண்பாட்டுக்கென்று ஓர் இடம் இருக்கிறதா, இந்த ஆறு விஷயங்கள். ஆறும் இருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை பூஜ்யம். ஒன்றும் இல்லாத இடங்களில் மிக மோசம். தன் ஊர் விவகாரம் தன் ஊர்க்காரர் கையில் இருப்பதைப் பார்த்து வளரும் பையனுக்கு நாளைக்கு ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை வருகிறது, அதற்கு எந்த மாத்திரையும் ஈடாகாது.

இது ஒரு நாட்டுக் கதை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் யுடோப்பியா என்று ஒரு வறண்ட பகுதி. அங்கே பூர்வகுடிகள் தங்கள் நிலத்தைத் திரும்பப் பெற்று சிறு சிறு குடியிருப்புகளாகப் பரவி, தாங்களே நடத்தும் சுகாதார நிலையத்தோடு வாழ்கிறார்கள். பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, அங்கே இறப்பு விகிதம் அந்தப் பிரதேசத்தின் மற்ற பூர்வகுடிகளைவிடக் கணிசமாகக் குறைவு என்றது. பணத்தில் அவர்கள் ஏழைகள்தான். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் பூர்வகுடிகளே மருத்துவ சேவையைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். நோயாளியை உரிமையாளர் என்றே அழைக்கிறார்கள். அவசரப் பிரிவுக்கு ஓடுவதும் வார்டில் படுப்பதும் குறைந்தது.

நம் மொழி பேசும் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறதே. நீலகிரி கூடலூரில் 1987 வாக்கில் தேவா, ரூபா என்ற மருத்துவத் தம்பதி ஆரம்பித்த அஸ்வினி, இன்றைக்கு ஆதிவாசிகளின் மருத்துவமனை. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களையே தாதிகளாகப் பயிற்சி கொடுத்து நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஆதிவாசிகளின் சங்கம் நில உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தது, இரண்டும் சேர்ந்துதான் வளர்ந்தன. உள்ளே போனால் உன் பாஷையில் பேச உன் வீட்டுப் பெண் இருக்கிறாள் என்றால் யார்தான் தவணைக்கு வராமல் இருப்பார்கள்? நம் கோம்பாக் ஓராங் அஸ்லி மருத்துவமனையும் ஆரம்ப காலத்தில், டாக்டர் மால்கம் போல்டன் இருந்தபோது, இதே வழியில்தான் போனது. நோயாளியோடு குடும்பமே வந்து தங்கலாம், ஓராங் அஸ்லி இளைஞர்களையே மருத்துவ உதவியாளராகப் பயிற்றுவித்தார்கள். வழி தெரியாமல் இல்லை, தெரிந்த வழியை விட்டுவிட்டோம்.

அதற்காக நிலமும் சுயாட்சியும் வந்தால் மறுநாளே எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. நில உரிமை கிடைத்த இடங்களிலும் குடி இருக்கிறது, உள்சண்டை இருக்கிறது, கம்பத்துத் தலைவரான பாத்தின் கம்பெனிக்காரனோடு கையெழுத்துப் போட்டுவிட்டதால் ஊர் இரண்டுபட்ட சம்பவமும் இருக்கிறது. எல்லா ஓராங் அஸ்லியும் காட்டுக்குள்ளேயே இருக்க ஆசைப்படுகிறார்கள் என்பதும் பொய். சொந்தமாகச் செம்பனை போட்டு நல்ல வருமானம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், 2019-இல் கேமரன் மலை இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போன ரம்லி முகமட் நோர் இருக்கிறார், நம் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) பல காலம் நின்ற தொகுதி அது. கைப்பேசியும் வேண்டும், இரவில் செவாங் பாட்டும் வேண்டும் என்று ஓர் இளைஞன் கேட்டால் அதில் என்ன முரண்பாடு? நாம் அலுவலகமும் போகிறோம், தைப்பூசத்துக்குக் காவடியும் எடுக்கிறோம்.

நம் ஆள்களுக்கு இது சீக்கிரம் புரிய வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, லயத்தை இடித்தபோது, மூன்று தலைமுறை உழைத்தவர்களிடம் கொஞ்சம் காசைக் கொடுத்துக் கிளம்பு என்றபோது எப்படி இருந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தத் தோட்டம் போடுவதற்கு முன் அந்தக் காடு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனி சொல்ல, நம் தாத்தாக்கள் கையால் வெட்டிய காடுதான் பல இடத்தில் இவர்களுடைய வீடு. தாத்தா மேல் பழி இல்லை, அவரும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர். ஆனால் தெரிந்துகொண்ட பிறகு நமக்கு ஒரு கடமை உண்டு.

இப்போது உங்கள் குழுவுக்கு. போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், போங்கள். ஆனால் முதல் தடவை பொருள் எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று பேர் மட்டும் போங்கள். அதற்கு முன் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவா அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். பாத்தினைப் பாருங்கள், பெண்களோடும் தனியாகப் பேசுங்கள், ஏனென்றால் ஆண்கள் சொல்வதும் பெண்கள் சொல்வதும் வேறாக இருக்கும். என்ன வேண்டும் என்று கேளுங்கள். அரிசி என்று சொன்னால் அரிசி. ஆனால் எனக்குத் தெரிந்தவரை பல இடங்களில் கேட்பது பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைக்குப் பாரம் நிரப்பித் தர ஆள், மருத்துவமனைத் தவணைக்கு வண்டி, ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கணக்குப் பாடம். இதெல்லாம் பதாகை கட்டிப் படம் எடுக்கிற வேலை இல்லை, வருடக்கணக்கில் பொறுமையாகப் போய்வர வேண்டிய வேலை. முடியுமா என்று குழுவில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவதாக இருந்தால் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

சளி, இருமல் இருக்கிற யாரையும் அழைத்துப் போகாதீர்கள், கோல கோவை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மதம் பேசாதீர்கள், ஏற்கெனவே ஒவ்வொரு பக்கமும் அவர்களை இழுத்துக்கொண்டிருக்கிறது. தேனோ பெத்தாயோ மரச்சிற்பமோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள். நிலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னால் கொலின் நிக்கோலஸ் ஒருங்கிணைக்கும் ஓராங் அஸ்லி அக்கறை மையத்திடம் கேளுங்கள், முப்பது வருடத்துக்கு மேலாக இதே வேலை செய்கிறார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

தீபாவளிச் சமயம் மழை பிடிக்கும், உள்கம்பத்து மண்சாலையில் சாதாரணக் கார் ஏறாது. அதனால் முதல் பயணத்தை இப்போதே, மழைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் பெரும்பாலும் ஆள்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், ஞாயிறு சாயங்காலம் போனால் உட்கார்ந்து பேசலாம்.